நிகர விசையும் இயக்க மாற்றமும்

நுழையும்முன்

இயங்கும் பொருள் தொடர்ந்து இயங்குவதற்கு விசை தேவையா? ‘தேவை’ என்கிறது நம் அன்றாட அனுபவம். ‘தேவையில்லை’ என்கிறது இயற்பியல். இரண்டும் ஒரே உலகைத்தான் கண்டு பேசுகின்றன. அவ்வாறாயின் இம்முரண்பாடு எங்கிருந்து தோன்றியது? அதனைத் தீர்த்துவைக்கும் கருத்தே நிகர விசை. அக்கருத்தினை எளிய கணக்குகளின் வழியாக விளக்குகிறது இப்பாடம்.

அனுபவம் கூறும் விடை

மாடு இழுக்கும்வரை வண்டி நகர்கிறது; மாடு நின்றால் வண்டியும் நின்றுவிடுகிறது. சமதளச் சாலையில் மிதிப்பதை நிறுத்தினால் மிதிவண்டி சற்றுத் தொலைவு சென்று ஓய்ந்துவிடுகிறது. தரையில் உருட்டிவிட்ட பந்தும் அவ்வாறே. இவற்றையெல்லாம் கண்ட ஒருவர், “விசை உள்ளவரை இயக்கம் உண்டு, விசை நீங்கினால் இயக்கமும் நீங்கும்” என்று முடிவு செய்வது இயல்பே.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இம்முடிவுக்கே வந்தார். ஒரு பொருளை அதன் இயல்பான இடத்திலிருந்து பெயர்த்து இயக்குவதற்கு இயக்குவோன் ஒருவன் இடைவிடாது தேவை என்பது அவர் கருத்து. இக்கருத்து பல நூற்றாண்டுகள் நிலைபெற்றிருந்தமைக்கு அவருடைய புகழ் மட்டும் காரணமன்று. கண்ணால் காண்பவற்றுடன் அது பொருந்தியதுபோல் தோன்றியதும் ஒரு காரணமாகும்.

இன்றும் இயக்க விதிகளைப் பாடமாகப் படித்த பின்னரும் நம் மனத்தின் ஒரு மூலையில் இவ்வெண்ணம் தங்கியிருக்கிறது. எனவே, இதனைப் பிழை என்று சொல்லி ஒதுக்குவதைவிட, இதில் எது விடுபட்டுள்ளது என்று ஆராய்வதே பயன் தரும்.

தேரோட்டம் கற்பிக்கும் இயற்பியல்

இவ்வாய்வுக்குப் பொருத்தமானது தேரோட்டம். தமிழகத்தின் பெருந்தேர்களுள் ஒன்றான திருவாரூர் ஆழித்தேர் ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் கொண்டது என்பர். அளவில் சிறிய தேர்களும்கூடப் பல டன் எடையுள்ளவை. அத்தகைய பேருருவம் நகரத் தொடங்குவது, சீராகச் செல்வது, நிலைக்கு வந்து நிற்பது ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் விசைகளுக்கிடையே நிகழும் போட்டியைத் தெளிவாகக் காணலாம்.

கணக்கு எளிதாக அமைவதற்காக 1,00,000 கி.கி. (100 டன்) நிறையுள்ள தேர் ஒன்றினைக் கருதுவோம். வடம் பிடிப்போர் ஒவ்வொருவரும் 200 நியூட்டன் விசையுடன் முன்னோக்கி இழுப்பதாகக் கொள்வோம். இது ஏறத்தாழ 20 கி.கி. அரிசி மூட்டையைத் தூக்கத் தேவைப்படும் விசையாகும். ஓய்விலிருக்கும் தேரினைப் பெயர்க்க 50,000 நியூட்டன் தடைவிசையை வெல்ல வேண்டும் எனவும், உருளத் தொடங்கிய பின் அத்தடைவிசை 40,000 நியூட்டனாகக் குறைகிறது எனவும் கொள்வோம். ஓய்விலிருக்கும் பொருளைப் பெயர்ப்பது கடினம் என்பதும், பெயர்ந்த பின் இழுப்பது எளிது என்பதும் நாம் அறிந்தவையே.

முதற்கட்டம்: 200 பேர் வடம் பிடிக்கின்றனர். அவர்கள் செலுத்தும் மொத்த விசை 40,000 நியூட்டன். தேர் அசையவில்லை. தடைவிசையின் பெரும மதிப்பு 50,000 நியூட்டன் என்றாலும், இப்போது அது 40,000 நியூட்டனாக மட்டுமே இருக்கிறது. இழுக்கும் விசை எவ்வளவோ அவ்வளவுக்கே ஓய்வுநிலைத் தடைவிசை எழுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் சமமாக உள்ளமையால் நிகர விசை சுழி. விசைகள் இல்லாமையால் தேர் நிற்கவில்லை. விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் நிற்கிறது.

இரண்டாம் கட்டம்: மேலும் 60 பேர் சேர்கின்றனர். 260 பேரின் மொத்த விசை 52,000 நியூட்டன். இது பெருமத் தடைவிசையை விஞ்சுவதால் தேர் பெயர்கிறது. பெயர்ந்தவுடன் தடைவிசை 40,000 நியூட்டனாகக் குறைகிறது. ஆகவே,

நிகர விசை = 52,000 − 40,000 = 12,000 நியூட்டன்
முடுக்கம் = நிகர விசை ÷ நிறை = 12,000 ÷ 1,00,000 = 0.12 மீ/வி²

இம்முடுக்கத்துடன் 5 வினாடிகள் சென்றபின் தேரின் திசைவேகம் 0.6 மீ/வி ஆகும். இது மெதுவாக நடப்பவரின் வேகம்.

மூன்றாம் கட்டம்: தேர் போதிய வேகம் பெற்றவுடன் 60 பேர் வடத்தை விட்டு விலகுகின்றனர். மீண்டும் 200 பேர் மட்டுமே இழுக்கின்றனர். அவர்களுடைய விசை 40,000 நியூட்டன். தடைவிசையும் 40,000 நியூட்டன். நிகர விசை சுழி. தேர் நின்றுவிடுமா? நிற்காது. 0.6 மீ/வி என்னும் மாறாத் திசைவேகத்துடன் சென்றுகொண்டே இருக்கும்.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். முதற்கட்டத்தில் அதே 200 பேர் அதே விசையுடன் இழுத்தனர், தேர் அசையவில்லை. மூன்றாம் கட்டத்திலும் அதே 200 பேர் அதே விசையுடன் இழுக்கின்றனர், தேர் ஓடிக்கொண்டிருக்கிறது. இரு கட்டங்களிலும் நிகர விசை சுழியே. ஒன்றில் தேர் ஓய்வில் உள்ளது. மற்றொன்றில் இயக்கத்தில் உள்ளது. எனவே, ஒரு பொருள் இயங்குகிறதா, ஓய்வில் உள்ளதா என்பதை நிகர விசை தீர்மானிப்பதில்லை. ஏற்கெனவே உள்ள நிலை மாறுமா, மாறாதா என்பதையே அது தீர்மானிக்கிறது. இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே.

நான்காம் கட்டம்: அனைவரும் இழுப்பதை நிறுத்துகின்றனர். இப்போது தேரின்மீது கிடைத்தளத்தில் செயல்படுவது பின்னோக்கிய தடைவிசை மட்டுமே. நிகர விசை பின்னோக்கி 40,000 நியூட்டன். எதிர் முடுக்கம் 0.4 மீ/வி². 0.6 மீ/வி வேகம் 1.5 வினாடிகளில் சுழியாகிறது. தேர் 45 செ.மீ. மட்டுமே நகர்ந்து நின்றுவிடுகிறது.

‘இழுப்பதை நிறுத்தினோம், ஆகவே நின்றது’ என்று அனுபவம் கூறியதன் உண்மைப் பொருள் இப்போது விளங்குகிறது. இழுவிசை நீங்கியதால் இயக்கம் தானாக மறையவில்லை. இழுவிசை நீங்கியதால் தடைவிசை தனித்து நின்றது. அதுவே நிகர விசையாக மாறித் தேரினை நிறுத்தியது. அனுபவம் நம் கையின் விசையை மட்டும் கணக்கில் கொண்டது. கண்ணுக்குப் புலப்படாத தடைவிசையை விட்டுவிட்டது.

சரிவும் முட்டுக்கட்டையும்

தடைவிசை எப்போதும் தேரினை நிறுத்தப் போதுமானதாக இருக்குமா? இக்கேள்வி தேர் ஓட்டுவோரின் உயிரோடு தொடர்புடையது. 0.6 மீ/வி வேகத்தில் செல்லும் நம் தேர் ஓர் இறக்கத்தை அடைகிறது என்க. 20 மீட்டர் நீளத்திற்கு 1 மீட்டர் இறங்கும் சரிவு அது. பார்வைக்கு அது சரிவாகவே தோன்றாது. ஆயினும் தேரின் எடையில் இருபதில் ஒரு பங்கு சரிவின் வழியே கீழ்நோக்கிச் செயல்படும். தேரின் எடை 9,80,000 நியூட்டன். அதன் இருபதில் ஒரு பங்கு 49,000 நியூட்டன். இது உருளும்போதுள்ள தடைவிசையைவிட 9,000 நியூட்டன் மிகுதி. ஆகவே, ஒருவரும் வடத்தைத் தொடாத நிலையிலும் தேர் 0.09 மீ/வி² என்ற முடுக்கத்துடன் விரைவுபெறும். 10 வினாடிகளில் அதன் வேகம் 1.5 மீ/வி ஆகிவிடும்.

அந்நிலையில் 100 பேர் பின்னாலிருந்து முழு வலிமையுடன் இழுத்தாலும் அவர்களால் செலுத்த இயலும் விசை 20,000 நியூட்டன். நிகர விசை பின்னோக்கி 11,000 நியூட்டனாகும். 1,00,000 கி.கி. நிறையுள்ள தேரில் இவ்விசை உண்டாக்கும் எதிர் முடுக்கம் 0.11 மீ/வி² மட்டுமே. தேர் நிற்பதற்குள் ஏறத்தாழ 13.6 வினாடிகள் கழியும். 10 மீட்டருக்கு மேல் அது நகர்ந்திருக்கும். கூட்டம் நெருக்கி நிற்கும் தெருவில் 10 மீட்டர் என்பது சிறிய தொலைவன்று.

தேர்ச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடும் வழக்கம் இக்காரணத்தாலேயே தோன்றியது. ஆப்பு வடிவிலான அம்மரக்கட்டை, நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து இழுத்தாலும் பெற இயலாத எதிர்விசையை ஓரிடத்தில் உண்டாக்கி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஓடும் சக்கரத்தின் அருகில் குனிந்து கட்டை இடுபவரின் பணி துணிவும் கவனமும் வேண்டுவது. திருவாரூர்த் தேருக்குத் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனம் இரும்புச் சக்கரங்களையும் நீரியல் தடுப்பான்களையும் அமைத்துக் கொடுத்துள்ளது. வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு எதிர்விசையை உண்டாக்கும் பொறுப்பினை இத்தகைய தடுப்பான்கள் ஏற்கின்றன.

கலிலியோவும் நியூட்டனும்

தடைவிசையைக் கணக்கில் கொண்டால் அரிஸ்டாட்டிலின் கருத்து தளர்ந்துவிடும் என்பதைச் சோதனைகளின் வழியே தெளிவுபடுத்தியவர் இத்தாலிய அறிஞர் கலிலியோ (1564–1642). வழவழப்பான சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டிவிட்டு, அவை செல்லும் தொலைவுகளை அவர் அளந்தார். அடுத்தடுத்த சமகால இடைவெளிகளில் உருண்டை கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்னும் விகிதத்தில் மிகுவதைக் கண்டார். சாய்தளத்தில் இறங்கும் பொருளின் வேகம் சீராகக் கூடுகிறது. ஏறும் பொருளின் வேகம் குறைகிறது. ஏறவும் இறங்கவும் செய்யாத சமதளத்தில், உராய்வும் இல்லையெனில், வேகம் கூடவோ குறையவோ காரணமே இல்லை. ஆகவே, அப்பொருள் தன் வேகத்துடன் சென்றுகொண்டே இருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். அவருடைய ஆய்வுகள் அடங்கிய நூல் 1638இல் வெளிவந்தது.

1687இல் வெளிவந்த தம் நூலில் ஐசக் நியூட்டன் இக்கருத்தினை விதியாக வகுத்தார். புறவிசை ஒன்று செயல்பட்டு மாற்றாத வரை, ஓய்விலுள்ள பொருள் ஓய்விலும், இயங்கும் பொருள் மாறாத் திசைவேகத்துடன் நேர்க்கோட்டிலும் தொடரும். பொருளின் இப்பண்பு நிலைமம் எனப்படுகிறது. திசைவேகம் மாறுமாயின் அம்மாற்றத்தின் வீதம், அதாவது முடுக்கம், நிகர விசைக்கு நேர்விகிதத்திலும் நிறைக்கு எதிர்விகிதத்திலும் அமையும். அதன் திசை நிகர விசையின் திசையே.

நிகர விசை = நிறை × முடுக்கம்

உராய்வற்ற தளம் என்று கலிலியோ கற்பனையில் கண்டதை இன்று விண்வெளியில் காண்கிறோம். 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், கோள்களைக் கடந்து, விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் வினாடிக்கு ஏறத்தாழ 17 கி.மீ. வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறது. அதனை முன்னோக்கித் தள்ளும் பொறி எதுவும் இப்போது இயங்கவில்லை. அதிலுள்ள சிறு உந்திகள் அதன் அலைவாங்கியைப் புவியை நோக்கித் திருப்பி வைப்பதற்கே பயன்படுகின்றன. தொலைவிலுள்ள சூரியனின் மிகச் சிறிய ஈர்ப்பு விசை அதன் வேகத்தை மிக மெதுவாகக் குறைக்கிறது, அவ்வளவே.

விசைகளைக் கூட்டும் முறை

விசை ஒரு வெக்டர் அளவு. அதற்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. எனவே, பொருளின்மீது செயல்படும் விசைகளின் அளவுகளை மட்டும் கூட்டி நிகர விசையைப் பெற இயலாது. தேரின் இரு வடங்களில் ஒவ்வொன்றும் 25,000 நியூட்டன் விசையுடன் இழுக்கப்படுவதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே திசையில் இணையாகச் செல்லின் அவற்றின் தொகுபயன் 50,000 நியூட்டன். இரண்டும் தமக்குள் 60° கோணத்தில் விரிந்து செல்லின் அது ஏறத்தாழ 43,300 நியூட்டனாகக் குறைகிறது. இழுப்பவர்களின் உழைப்பில் ஒரு பகுதி பக்கவாட்டில் ஒன்றையொன்று ஈடுசெய்து வீணாகிறது. வடம் பிடிப்போர் தெருவின் அகலத்திற்குப் பரவாமல் நெருங்கி நேராக இழுக்க வேண்டியதன் காரணம் இதுவே.

நிகர விசையைக் காணும்போது மூன்று செயல்களை வரிசையாகச் செய்தல் வேண்டும். முதலாவதாக, எந்தப் பொருளின் இயக்கத்தை ஆராய்கிறோம் என்பதை உறுதிசெய்ய வேண்டும். இரண்டாவதாக, அப்பொருளின்மீது பிற பொருள்கள் செலுத்தும் விசைகளை மட்டும் திசையுடன் குறிக்க வேண்டும். தேருக்கு அவை நான்கு: கீழ்நோக்கிய எடை, தரை மேல்நோக்கிச் செலுத்தும் செங்குத்து விசை, வடத்தின் இழுவிசை, தடைவிசை. மூன்றாவதாக, அவற்றை வெக்டர் முறையில் கூட்ட வேண்டும். சமதளத்தில் எடையும் செங்குத்து விசையும் ஈடாகிவிடுவதால் எஞ்சும் இரு விசைகளே இயக்க மாற்றத்தைத் தீர்மானிக்கின்றன.

இரண்டாவது செயலில் மாணவர் பலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. “நாம் தேரினை இழுக்கும் அதே விசையுடன் தேரும் நம்மைப் பின்னோக்கி இழுக்கிறது என்கிறது நியூட்டனின் மூன்றாம் விதி. இரண்டும் சமமும் எதிரும் ஆயின் நிகர விசை எப்போதும் சுழிதானே? தேர் எவ்வாறு நகரும்?” என்பதே அது. செயலும் எதிர்ச்செயலும் இரு வேறு பொருள்களின்மீது செயல்படுபவை என்பதே இதற்கு விடை. ஒன்று தேரின்மீது, மற்றொன்று இழுப்பவர்மீது. ஒரே பொருளின்மீது செயல்படும் விசைகளே ஒன்றையொன்று ஈடுசெய்யும். தேரின் நிகர விசையைக் கணக்கிடும்போது இழுப்பவர்மீது செயல்படும் விசைக்கு அங்கு இடமில்லை.

அவ்வாறாயின் தேர் பின்னோக்கி இழுத்தும் இழுப்பவர் முன்னோக்கிச் செல்வது எவ்வாறு? அவர் காலால் தரையைப் பின்னோக்கி உந்துகிறார். தரை உராய்வின் வழியே அவரை முன்னோக்கி உந்துகிறது. மழை பெய்து தெரு சேறானால் கால் வழுக்குகிறது. கையில் வலிமை இருந்தும் தேரினை இழுக்க முடிவதில்லை. தடையாக நாம் கருதும் உராய்வே நம்மை நடக்கவும் இழுக்கவும் வைக்கிறது.

நிகர விசையின் திசையும் இயக்கத்தின் திசையும்

ஒரு பொருள் எத்திசையில் செல்கிறதோ அத்திசையிலேயே நிகர விசையும் இருக்கும் என்று எண்ணுவது மற்றொரு பொதுவான பிழை. நிகர விசை காட்டுவது செல்லும் திசையை அன்று. திசைவேகம் மாறும் திசையை.

வானிலிருந்து விழும் மழைத்துளியைக் கருதுவோம். விழத் தொடங்கும்போது அதன் எடையே நிகர விசை. வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடுகிறது. நிகர விசை குறைகிறது. ஒரு கட்டத்தில் காற்றின் தடை எடைக்குச் சமமாகிவிட, நிகர விசை சுழியாகிறது. துளி அங்கேயே நின்றுவிடுவதில்லை. அதுவரை பெற்ற வேகத்துடன் சீராக இறங்குகிறது. அவ்வேகம் முற்றுத்திசைவேகம் எனப்படும். பெரிய மழைத்துளிக்கு அது ஏறத்தாழ 9 மீ/வி. காற்றே இல்லையெனில், 2 கி.மீ. உயரத்திலிருந்து விழும் துளி 198 மீ/வி வேகத்தில், அதாவது மணிக்கு 700 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில், தரையை அடையும். மழையில் நாம் நனைய மட்டும் செய்கிறோம், காயமுறுவதில்லை என்பதற்கு நிகர விசை சுழியாவதே காரணம்.

2012ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர், ஏறத்தாழ 39 கி.மீ. உயரத்தில் பலூனிலிருந்து குதித்தார். காற்று மிக அரிதான அவ்வுயரத்தில் அவருடைய வேகம் மணிக்கு 1,357 கி.மீ. வரை உயர்ந்தது. பின்னர், குடை விரியும் முன்னரே, அவ்வேகம் குறையத் தொடங்கியது. கீழே இறங்க இறங்கக் காற்று அடர்ந்து, அதன் தடை அவருடைய எடையை விஞ்சியதே காரணம். அந்நேரத்தில் அவர் சென்றுகொண்டிருந்தது கீழ்நோக்கி. அவர்மீது செயல்பட்ட நிகர விசையோ மேல்நோக்கி. இவ்வாறு நிகர விசை இயக்கத்திற்கு எதிராக அமைந்தால் வேகம் குறைகிறது. இயக்கத்தின் திசையிலேயே அமைந்தால் வேகம் கூடுகிறது.

நிகர விசை இயக்கத்தின் திசைக்குச் செங்குத்தாக அமைந்தால் என்ன நிகழும்? வேகத்தின் அளவு மாறாது. திசை மட்டும் மாறும். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லைக் கயிறு மையத்தை நோக்கி இழுக்கிறது. நிலவைப் புவி தன்னை நோக்கி ஈர்க்கிறது. கயிறு அறுந்தால் கல் அந்தக் கணத்தில் சென்றுகொண்டிருந்த திசையில், வட்டத்தின் தொடுகோட்டின் வழியே பறந்துவிடுகிறது. அதனை வெளியே தள்ளிய விசை எதுவுமில்லை. வளைத்துக்கொண்டிருந்த விசை நீங்கியது, அவ்வளவே.

படிக்கட்டில் நிற்பவரின் நிகர விசை

கயிறு அறுந்த கல்லின் நிலை, பேருந்தின் படிக்கட்டில் தொங்கிச் செல்லும் மாணவருக்கும் நேரக்கூடியது. 50 கி.கி. நிறையுள்ள மாணவர் ஒருவர் பேருந்தின் இடப்புறப் படிக்கட்டில் நிற்கிறார். பேருந்து 10 மீ/வி (மணிக்கு 36 கி.மீ.) வேகத்தில், 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் வலப்புறமாகத் திரும்புகிறது. பேருந்துடன் சேர்ந்து அவரும் வளைய வேண்டுமெனில் அவர்மீது வலப்புறமாக ஒரு நிகர விசை செயல்பட வேண்டும். அதன் அளவு,

மையநோக்கு விசை = நிறை × வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம்
= 50 × 100 ÷ 25 = 200 நியூட்டன்

பேருந்தின் உள்ளே அமர்ந்திருப்பவருக்கு இவ்விசையை இருக்கையும் பேருந்தின் பக்கச்சுவரும் தருகின்றன. படிக்கட்டின் விளிம்பில் கால்நுனியை ஊன்றி நிற்பவருக்கு இதனைப் பெரும்பாலும் அவருடைய கையே பெற்றுத்தர வேண்டும். தேர் இழுக்கும் ஒருவர் முழு முயற்சியுடன் செலுத்துவதாக நாம் கொண்ட விசையும் இதே 200 நியூட்டன்தான் என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். தோளில் புத்தகப் பையுடன், கம்பியைப் பற்றிய ஒரே கையால், அதுவும் வியர்வையோ மழையோ படிந்த கையால் அவர் அதனைச் செய்ய வேண்டியிருக்கிறது.

பிடி நழுவினால் அக்கணத்திலேயே வலப்புற விசை நீங்குகிறது. பேருந்து வலப்புறம் வளைந்து செல்கிறது. மாணவரோ தம் 10 மீ/வி வேகத்துடன் நேர்க்கோட்டில் செல்கிறார். “பேருந்து அவரைத் தூக்கி எறிந்தது” என்று பார்ப்பவர் கூறுவர். உண்மையில் யாரும் எறியவில்லை. அவரைப் பேருந்துடன் சேர்த்து வளைக்க விசை எதுவும் இல்லாமற்போனது. இயற்பியலில் இது நிலைமம். சாலையில் இது உயிரிழப்பு.

வேகம் இருமடங்கானால் தேவைப்படும் விசை நான்கு மடங்காகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் அதே வளைவில் தேவைப்படுவது 50 நியூட்டன், 36 கி.மீ. வேகத்தில் 200 நியூட்டன். மெதுவாகச் செல்கையில் எளிதாக இருந்த பிடி, ஓட்டுநர் விரைவுபடுத்தியவுடன் போதாமற்போவதன் காரணம் இதுவே. நேற்றுவரை நழுவாத கை இன்றும் நழுவாது என்பதற்கு இயற்பியல் உறுதி தருவதில்லை.

வாகனத்தை நிறுத்தும் தொலைவும் அவ்வாறே. 5 மீ/வி² எதிர் முடுக்கம் தரும் தடுப்பான்களுடன் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம், தடுப்பானை அழுத்தியபின் 10 மீட்டரில் நிற்கும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் சென்றால் 40 மீட்டர் தேவை. வாகனத்தை நிறுத்தும் விசை சாலைக்கும் சக்கரத்திற்கும் இடையேயுள்ள உராய்விலிருந்தே கிடைக்கிறது. ஈரச்சாலையில் அவ்விசை குறைகிறது. நிற்கும் தொலைவு மேலும் நீள்கிறது. சாலையைக் கடப்பவர், வாகனம் எவ்வளவு அருகில் உள்ளது என்பதோடு எவ்வளவு விரைவில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று கூறுவது இதனாலேயே.

தொகுத்துக் காண்போம்

• ஒரு பொருளின்மீது செயல்படும் எல்லாப் புறவிசைகளின் வெக்டர் கூடுதலே நிகர விசை.
• நிகர விசை சுழியெனில் பொருளின் திசைவேகம் மாறாது. ஓய்வில் இருந்தால் ஓய்விலும், இயங்கினால் அதே வேகத்துடன் நேர்க்கோட்டிலும் அது தொடரும்.
• நிகர விசை சுழியன்று எனில் பொருள் முடுக்கமடையும். முடுக்கத்தின் திசை நிகர விசையின் திசை. அளவு, நிகர விசையை நிறையால் வகுக்கக் கிடைப்பது.
• நிகர விசை இயக்கத்தின் திசையில் அமைந்தால் வேகம் கூடும். எதிர்த்திசையில் அமைந்தால் குறையும். எப்போதும் செங்குத்தாக அமைந்தால் திசை மட்டும் மாறும்.
• செயலும் எதிர்ச்செயலும் வெவ்வேறு பொருள்களின்மீது செயல்படுவதால் அவை ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை.

ஒரு பொருள் இயங்குவதைக் கண்டவுடன் ‘இதனை இயக்கும் விசை எது?’ என்று கேட்பது பழைய பழக்கம். ‘இதன் இயக்கம் மாறுகிறதா? மாறுகிறதெனில் எத்திசையில்?’ என்று கேட்பதே இயற்பியல் கற்றவரின் பழக்கம்.

சிந்தித்து விடை காண்க

1. செங்குத்தாக மேல்நோக்கி எறியப்பட்ட பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் திசைவேகம் சுழி. அக்கணத்தில் அதன்மீது செயல்படும் நிகர விசையும் சுழியா? காரணம் தருக.
2. இப்பாடத்தில் கருதிய தேர் சமதளத்தில் 0.6 மீ/வி வேகத்தில் செல்லும்போது 150 பேர் மட்டுமே வடத்தை இழுத்தால் தேரின் முடுக்கம் யாது? எவ்வளவு நேரத்தில் தேர் நிற்கும்?
3. மாறா வேகத்தில் மேலே செல்லும் மின்தூக்கியில் நிற்கும் ஒருவர்மீது தரை செலுத்தும் செங்குத்து விசை, அவருடைய எடையைவிட மிகுதியா, குறைவா, சமமா?
4. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்து 2 வினாடிகளில் நிறுத்தப்படுகிறது. அதில் கம்பியைப் பிடித்து நிற்கும் 50 கி.கி. நிறையுள்ள பயணியும் உடன் நிற்க எவ்வளவு நிகர விசை தேவை? அவ்விசையை அவருக்கு எவையெவை தருகின்றன?